தாலுகா நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் ஆவணத்தைத் தேடிப் பெறுவது எப்படி?

மனை வாங்கப் போகிறவர் மூலப்பத்திரம் பார்க்கிறார், பட்டா பார்க்கிறார், முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறார். விற்பவர் "வழக்கு வம்பு எதுவும் கிடையாது" என்று சொன்னதும் முன்பணம் கொடுத்துவிடுகிறார். வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான நடவடிக்கைகளின் பட்டியல்தான். விற்பவரின் தங்கை பாகம் கேட்டு முன்சீப் நீதிமன்றத்தில் போட்டிருக்கும் வழக்கு அதில் தெரியாமலே போகலாம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அந்தச் சொத்தை வாங்கியவரை அவ்வழக்கின் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவில் சொல்கிறது; எனக்குத் தெரியாது என்ற வாதம் அங்கே எடுபடாது. எனவே நீதிமன்ற ஆவணங்களைத் தேடத் தெரிந்திருப்பது வக்கீல்களுக்கு மட்டும் உரிய வித்தை அன்று. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைத் தீர்ப்பைத் தேடுகிறவருக்கும், தம் ஊர்ப் பொதுக்கிணறு பற்றிய வழக்கு என்னவாயிற்று என்று அறிய விரும்புகிறவருக்கும் வழி ஒன்றுதான். இங்கே சொல்லப்படுவது தமிழ்நாட்டின் மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களுக்கு உரிய முறை.

வழக்கின் முகவரி

நீதிமன்ற அலுவலகத்தில் யாரிடம் போய்க் கேட்டாலும் முதலில் வரும் கேள்வி "நம்பர் என்ன?" என்பதாகத்தான் இருக்கும். ஒரு வழக்குக்கு முகவரி என்பது நான்கு விவரங்கள் சேர்ந்தது: எந்த நீதிமன்றம், என்ன வகை, என்ன எண், எந்த ஆண்டு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வழக்கின் ஆவணக் கட்டு கைக்கு வராது. ஏனெனில் அசல் வழக்கு எண் 112 என்பது ஒரே வளாகத்தில் உள்ள முன்சீப் நீதிமன்றத்திலும் சார்பு நீதிமன்றத்திலும் இருக்கும், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒன்று பிறக்கும்.

சொத்து, கடன், பாகம் போன்ற உரிமையியல் வழக்குகள் அவற்றின் மதிப்பைப் பொறுத்து மாவட்ட முன்சீப், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் ஆகிய மூன்றில் ஒன்றில் தாக்கலாகின்றன, இவற்றுக்கு 'ஓ.எஸ்.' என்று பெயர். அதில் இடையில் போடப்படும் மனு 'ஐ.ஏ.', மேல்முறையீடு 'ஏ.எஸ்.', தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு 'இ.பி.'. விபத்து இழப்பீடு 'எம்.சி.ஓ.பி.' என்ற வகையில் வரும். குற்ற வழக்கு நீதித்துறை நடுவரிடம் இருந்தால் 'சி.சி.', அமர்வு நீதிமன்றத்துக்குப் போனால் 'எஸ்.சி.'. மேல்முறையீட்டுக்குப் போனாலும் வேறு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டாலும் வழக்குக்குப் புது எண் வந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும் அடுத்த ஆண்டு மயிலாடுதுறையும் உருவானதால், அப்பகுதிகளின் வழக்கைத் தேடுகிறவர் பழைய மாவட்டத்தின் பெயரிலும் ஒருமுறை தேடிவிடுவது நல்லது.

எண் தெரியாதபோது

எண் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. தெரியாதவர் நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தையோ அதன் கைப்பேசிச் செயலியையோ திறக்க வேண்டும்; கட்டணம் இல்லை, பதிவு செய்துகொள்ள வேண்டியதும் இல்லை. வழக்கு நிலை என்ற பகுதியில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்த பின் கட்சிக்காரர் பெயர், வழக்கு எண், வழக்கறிஞர் பெயர், காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை எண் என்று பல வழிகளில் தேடலாம். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை, இரண்டும் என்று மூன்று தெரிவுகள் இருக்கும். எப்போதும் 'இரண்டும்' என்பதையே தேர்ந்தெடுங்கள்.

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன, நம் பெயர்களுக்கோ ஆங்கிலத்தில் நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. சுப்பிரமணியன் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். அதில் 'பி' ஒன்றா இரண்டா, நடுவில் 'ஒய்' உண்டா, முடிவு 'என்'னா 'எம்'மா என்று பார்த்தாலே எட்டு வடிவங்கள் வந்துவிடும். பழனியில் உள்ள ழகரத்தை ஒரு குமாஸ்தா 'எல்' என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 'இசட் எச்' என்று எழுதியிருப்பார். தலைப்பெழுத்து பெயருக்கு முன்னும் இருக்கலாம், பின்னும் இருக்கலாம். தளம் குறைந்தது மூன்று எழுத்துகளையாவது கேட்கிறது. ஆகவே முழுப்பெயரை அடித்து 'பதிவு ஏதும் இல்லை' என்ற பதிலோடு திருப்தி அடையாமல், எந்த எழுத்துக்கூட்டலிலும் மாறாத முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்து, வருகிற நீண்ட பட்டியலைக் கண்ணால் சலித்தெடுக்க வேண்டும். உறவினர் ஒருவருக்காக நான் இப்படித் தேடியபோது, ஒழுங்காக அடித்த பெயரில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஓர் எழுத்தைக் குறைத்ததும் அதே சர்வே எண்ணின் மீது இரண்டு வழக்குகள் வந்து நின்றன.

ஆண்டையும் தளம் கேட்கும் என்பதால், பன்னிரண்டு ஆண்டுகளைத் தேட வேண்டுமென்றால் பன்னிரண்டு முறை தேட வேண்டும். விற்பவரின் பெயரை மட்டும் தேடுவதும் போதாது. அவருக்கு விற்றவர், அவருடைய தந்தை, உடன்பிறந்தவர்கள் என்று பத்திரத்தில் வருகிற பெயர்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பாக வழக்குகளில் விற்பவர் பெரும்பாலும் பிரதிவாதியாகத்தான் இருப்பார்.

வழக்கு கிடைத்தவுடன் அதன் சிஎன்ஆர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தையும், அடுத்தவை மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும், கடைசி நான்கு இலக்கங்கள் ஆண்டையும் காட்டும். நாட்டில் வேறு எந்த வழக்குக்கும் அந்த எண் இருக்காது. அடுத்த முறை அதை மட்டும் அடித்தால் போதும்.

திரையில் வருவதைப் படிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். தாக்கலான நாள், பதிவான நாள், வாதி பிரதிவாதி பெயர்கள், அவர்களுடைய வழக்கறிஞர்கள், ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது, அடுத்த வாய்தா என்றைக்கு என்பவை வரிசையாக இருக்கும். 'முடிந்தது' என்று கண்டதும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். எப்படி முடிந்தது என்பதையும் அதன் கீழேயே காட்டியிருப்பார்கள். எதிர்த்தரப்பு வராமல் ஒருதலைப்பட்சமாக முடிந்த வழக்கு மறுபடி உயிர் பெறலாம். மேல்முறையீடு போயிருக்கலாம். சொத்தின் மீதான தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்பதற்குக் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டுகள் தருவதால், எட்டு ஆண்டுகளுக்கு முன் முடிந்த வழக்கிலும் நாளைக்குத் தீர்ப்பை நிறைவேற்ற நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து நிற்கலாம்.

உத்தரவுகளும் தீர்ப்புகளும் ஏற்றப்பட்டிருந்தால் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். விவரம் அறிய அது போதும். ஆனால் வங்கியிலோ வேறொரு நீதிமன்றத்திலோ நீட்டுவதற்கு அது உதவாது. அதற்குச் சான்றிட்ட நகல் வேண்டும். கணினிக்கு முந்தைய காலத்து வழக்குகள் தளத்தில் இல்லாமல் இருப்பது இயல்பு. உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி ஒவ்வொரு நீதிமன்றமும் வழக்குப் பதிவேடு ஒன்றைப் பராமரிக்க வேண்டும். ஆண்டும் கட்சிக்காரர் பெயரும் ஓரளவு தெரிந்தால் அந்தப் பதிவேட்டிலிருந்து எண்ணைக் கண்டுபிடிக்க முடியும். அந்த வளாகத்திலேயே காலம் கழித்த மூத்த வக்கீல் குமாஸ்தா ஒருவரின் துணை இதற்குக் கிடைத்தால் அரைநாள் வேலை அரைமணியில் முடியும்.

நகல் மனு

நகல் கேட்டு மனு செய்வதை நீதிமன்ற வட்டாரத்தில் 'சி.ஏ. போடுவது' என்று சொல்வார்கள். நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், வாதி பிரதிவாதி பெயர்கள், எந்த ஆவணம், அது எந்தத் தேதியிட்டது, எத்தனை படிகள் என்பவற்றை எழுதி, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். 'வழக்கு ஆவணங்கள் அனைத்தும்' என்று பொதுவாக எழுதிய மனு திரும்பி வரும். தீர்ப்புரை, தீர்ப்பாணை, பிராது (வாதியின் வழக்குரை), எதிர்வழக்குரை (பிரதிவாதியின் பதில்) என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தீர்ப்புரை என்பது நீதிபதி காரணங்களோடு எழுதியது, தீர்ப்பாணை என்பது யாருக்கு என்ன கிடைத்தது என்ற முடிவு. சொத்து விவரம் தீர்ப்பாணையோடு இணைந்திருக்கும் என்பதால் நிலம் பற்றிய தேடலில் இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

வழக்கில் கட்சிக்காரராக இருப்பவர் கேட்டால் நகல் தருவார்கள். வெளியாள் கேட்டால், தமக்கு அந்த ஆவணம் எதற்காகத் தேவை என்று கூறும் பிரமாணப் பத்திரத்தோடு மனு செய்து நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டியிருக்கும். பார்வையிடும் உரிமை உள்ளவருக்குப் பொது ஆவணத்தின் சான்றிட்ட நகலைக் கட்டணம் பெற்றுக்கொண்டு தர வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 75ஆவது பிரிவு சொல்கிறது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இது 76ஆக இருந்தது. அந்த உரிமை யாருக்கு, எப்போது என்பதை முடிவு செய்வது நீதிமன்ற விதிகள். எனவே பிரமாணப் பத்திரத்தில் 'சொந்த உபயோகத்துக்காக' என்று ஒற்றை வரியில் முடிக்காமல், 'மேற்படி வழக்கின் சொத்தை நான் விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்திருக்கிறேன், அதன் உரிமை நிலையை அறிய இந்தத் தீர்ப்பாணை தேவைப்படுகிறது' என்பது போல உள்ளதை உள்ளபடி எழுதுவதே பலன் தரும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: வழக்கு ஆவணங்களின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும், அதற்கு மாற்றாகத் தகவல் உரிமை மனுவைப் பயன்படுத்த முடியாது. அந்த மனு தாசில்தார், கோட்டாட்சியர் அலுவலகக் கோப்புகளுக்குப் பொருந்தும். முன்சீப் நீதிமன்றத்துக்கு அதை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வீண்.

குற்ற வழக்குகளில் சற்று வேறுபாடு உண்டு. குற்றப்பத்திரிகையும் அதனோடு தாக்கலான ஆவணங்களும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவசமாகவே தரப்பட வேண்டும். சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால் தீர்ப்பின் நகலையும் அவருக்கு உடனே இலவசமாகத் தர வேண்டும். முதல் தகவல் அறிக்கையை, உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் காவல்துறைத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய வசதி குறைந்த இடங்களுக்கு 72 மணி நேரம் வரை விலக்கு உண்டு. பாலியல் குற்றங்கள், போக்சோ, இளஞ்சிறார் வழக்குகள், மண வழக்குகள் ஆகியவற்றின் ஆவணங்கள் வெளியாருக்கு எளிதில் கிடைப்பதில்லை, கிடைக்கவும் கூடாது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதால், அத்தகைய உத்தரவு ஒன்று தற்செயலாகத் திரையில் தென்பட்டாலும் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நகலின் பின்பக்கம்

மனு கொடுத்தபின் செய்ய வேண்டிய ஒரே வேலை, முத்திரைத்தாள் கோரும் பட்டியலில் உங்கள் மனுவின் எண் வருகிறதா என்று நகல் பிரிவின் அறிவிப்புப் பலகையைக் கவனிப்பது. எத்தனை பக்கம் என்று கணக்கிட்டு அதற்குரிய நகல் முத்திரைத்தாளைக் கேட்பார்கள். குறித்த நாளுக்குள் செலுத்தாவிட்டால் மனு தள்ளுபடியாகும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும் வாசலிலேயே நின்று பாருங்கள். 'உண்மை நகல்' என்ற சான்று, தேதி, அலுவலரின் பெயரும் பதவியும் கொண்ட கையொப்பம், நீதிமன்ற முத்திரை ஆகியவை இருக்க வேண்டும். பிறகு தேதிகள் குறித்த பகுதியைப் பார்க்க வேண்டும்: மனு செய்த நாள், முத்திரைத்தாள் கோரிய நாள், செலுத்திய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். மேல்முறையீடு செய்ய நினைப்பவருக்குத் தீர்ப்பை விடவும் உடனடியாக முக்கியமானவை இந்தத் தேதிகள்தாம். நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலம் மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது விட்டுவிடப்படும் என்று 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. முத்திரைத்தாள் கட்டாமல் நீங்கள் தாமதித்த நாள்களையும், தயாரான நகலை வாங்காமல் இருந்த நாள்களையும் அப்படி விட்டுவிட மாட்டார்கள். ஒரு தேதி விடுபட்டிருந்தாலும் அப்போதே கேட்டுத் திருத்தி வாங்குங்கள்.

சில சமயம் 'கட்டு அழிக்கப்பட்டுவிட்டது' என்ற குறிப்போடு மனு திரும்பும். பழைய ஆவணங்களை விதிப்படி அழிக்க 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. சாட்சியமும் இடை மனுக்களும் போன பிறகும் தீர்ப்புரையும் தீர்ப்பாணையும் நீண்ட காலம் காக்கப்படுவதால், அவை இரண்டுக்கும் மட்டும் தனியே மறுபடி மனு செய்து பார்க்கலாம். மேல்முறையீடு நடந்திருந்தால் மேல் நீதிமன்றத்தில் தேடலாம். நீதிமன்ற ஏலத்தில் சொத்து விற்கப்பட்டிருந்தால் விற்பனைச் சான்றின் நகலை நீதிமன்றமே சார்பதிவாளருக்கு அனுப்பி, அவர் அதை அசையாச் சொத்து ஆவணங்களுக்கான முதலாம் புத்தகத்தில் கோத்து வைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுக்கான வில்லங்கச் சான்றை எடுத்தால் அதன் ஆவண எண் கிடைக்கும், அந்த எண்ணைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்திலேயே நகல் வாங்கிவிடலாம்.