பிரேஸ்லெட் விலை போடுறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

பினாங்கு லிட்டில் இந்தியாவுல நகைப் பட்டறைல வேலை பாக்குறேன். புதுசா கத்துக்க வர்ற பசங்களும் சரி, வீட்ல நகைய பங்கு பிரிக்கிறவங்களும் சரி, நாங்க கத்துக்கிட்ட காலத்துல பட்டறைல நடந்த அதே தப்புங்களையே இன்னைக்கும் பண்றாங்க. கவரிங்க தங்கம்னு நம்புறது மாதிரி ஊருக்கே தெரிஞ்சத எல்லாம் விட்டுடுறேன்.

916-ஐ ரெண்டு தடவ கணக்குல எடுக்குறது

கடை போர்டுல 916 விலைன்னு போட்டிருந்தா அது 22 காரட்டுக்கான விலையேதான். அத மறுபடி 0.916-ஆல பெருக்காதீங்க. 999, அதாவது சுத்தத் தங்கத்தோட விலைய வச்சு கணக்கு போட்டா மட்டும் பெருக்கணும்.

மொத்த எடைய தங்க எடைன்னு நினைக்கிறது

இத பாத்தா எனக்கு இன்னும் எரிச்சல் வருது, ஏன்னா இதுல நஷ்டப்படுறது பெரும்பாலும் பொம்பளைங்கதான். ஒரு குடும்பத்துல பாட்டி நகைய அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் பிரிச்சாங்க, வீட்டு தராசுல வச்சு பாத்து ரெண்டும் 40 கிராம், எடைக்கு எடை சமம்னு சொல்லி அக்காவுக்கு கல்லில்லாத செயின் பிரேஸ்லெட், தங்கச்சிக்கு சிவப்புக்கல் காப்புன்னு கொடுத்துட்டாங்க. பல வருஷம் கழிச்சு மகன் படிப்பு செலவுக்கு அந்தக் காப்ப விக்கலாம்னு தங்கச்சி எடுத்துட்டு வந்தாங்க. கல்ல கழட்டி பின்பக்கத்த திறந்தா உள்ள முழுக்க அரக்கு. கல்லும் அரக்கும் சேந்து 9 கிராம், தங்கம் 31 கிராம்தான். கணக்குக்கு கிராம் 500 ரிங்கிட்னு வச்சாலும் 4,500 ரிங்கிட் அந்தம்மாவுக்கு குறைஞ்சு போச்சு. யாரும் ஏமாத்தல, யாருக்கும் தெரியல, அவ்ளோதான். அந்தம்மா முகம் எனக்கு இன்னும் மறக்கல.

அதனால கல் வச்சதோ, கனமா தெரியுற பழைய காப்போ வந்தா முதல்ல ரசீது இருக்கான்னு கேளுங்க. நல்ல ரசீதுல மொத்த எடை, கல் எடை, நிகர எடை தனித்தனியா இருக்கும். கல் எடை காரட்ல இருந்தா 1 காரட் 0.2 கிராம் (இது எடைக்கான காரட், 22 காரட்னு தங்கத்தோட தரத்துக்கு சொல்ற காரட் வேற). ரசீது இல்லன்னா கல்ல அளந்து எடைய உத்தேசமா போடலாம், ஆனா வைரத்துக்குன்னு இருக்குற சைஸ்-எடை அட்டவணைய வச்சு சிஸெட் (CZ, வைரம் மாதிரி இருக்குற செயற்கைக் கல்) கல்லுக்கு போடாதீங்க, அதே சைஸ் சிஸெட் வைரத்த விட ஒன்றரை மடங்குக்கு மேல எடை இருக்கும். பெரிய தொகைன்னா கல்ல கழட்டி நிறுக்குறதுதான் ஒழுங்கு.

தங்கத்தோட சுத்தத்த பாக்குற மெஷின்ல வச்சேன், 91.6 சதவீதம் காட்டுச்சுன்னு சொல்வாங்க. சரிதான், மெஷின் மேல்பரப்ப மட்டும்தான் படிக்கும், உள்ள இருக்குற அரக்கு அதுக்கு தெரியாது. தண்ணி டெஸ்ட்டும் இதுக்கு ஒத்து வராது. தண்ணிக்கு வெளிய நிறுத்த எடைய, தண்ணில முக்கி நிறுக்கும்போது குறையுற எடையால வகுத்தா 22 காரட்டுக்கு சுமார் 17.8 வரணும், அரக்கு இருந்தா அந்த நம்பர் ரொம்ப கீழ இறங்கிடும், நல்ல தங்கத்தையே போலின்னு பயந்து கம்மி விலைக்கு தள்ளிடுறாங்க.

கொக்கில காந்தம் ஒட்டுனா போலின்னு நினைக்கிறது

உள்ள இருக்குற ஸ்பிரிங் ஸ்டீல். பயப்பட வேணாம், மத்த இடத்துல வச்சு பாருங்க.

அவுன்ஸ்

தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஒரு அவுன்ஸ்னா 31.1 கிராம். சமையல் தராசு அவுன்ஸ் 28.35.

போர்டு விலைய கைக்கு வர்ற காசுன்னு நினைக்கிறது

அது கடைக்காரர் விக்கிற விலை. வாங்குற விலை கிராமுக்கு எவ்ளோன்னு தனியா கேளுங்க, ரெண்டு மூணு கடைல கேளுங்க. நீங்க கட்டுன கூலி திரும்ப வராது.

வெள்ளி

925 முத்திரை இருந்தா சுத்த வெள்ளி விலைய 0.925-ஆல பெருக்குங்க. வர்ற தொகை சின்னதாத்தான் இருக்கும், அதனால வேலைப்பாடு நல்லா இருக்குற பழைய வெள்ளி காப்ப உருக்குற விலைக்கு கொடுத்துடாதீங்க, பழைய சாமான் சேக்குறவங்ககிட்ட ஒரு தடவ காட்டுங்க. ஜெர்மன் சில்வர்ல வெள்ளியே கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான்.