பேரிடர் மருத்துவத்துக்கு வரும் டாக்டர்கள் சறுக்கும் இடங்கள்

அவசர சிகிச்சையில் எம்.டி. முடித்த கையோடு, "பேரிடர் மருத்துவத்துக்குப் போகலாம்னு இருக்கேன் சார்" என்று வரும் இளம் டாக்டர்களிடம் நான் முதலில் ஒரு சின்னக் கேள்வி கேட்பேன். ஏற்காடு அடிவாரத்திலிருந்து ஏறும் கொண்டை ஊசிப் பாதை மண் சரிந்து அடைபட்டால், மேலே நெஞ்சுவலியில் இருப்பவர் எந்த வழியாகச் சேலம் வந்து சேருவார்? குப்பனூர், கொட்டச்சேடு வழி என்று பாதிப் பேர் போனைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பாதையும் அதே மழையில் சரிந்தால்? இதற்குப் பதில் வருவதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதை சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருந்தால், இதைக் கற்பனைக் கேள்வி என்று யாரும் தள்ள மாட்டார்கள்.

இந்தத் துறைக்கு வருபவர்களிடம் படிப்புக் குறையை நான் அதிகம் பார்த்ததில்லை. பேரிடர் என்பது வேறு எங்கோ நடப்பது, அங்கே போய்த்தான் வேலை செய்ய வேண்டும் என்ற நினைப்புதான் அவர்களைக் கவிழ்க்கிறது. மற்ற தவறுகளில் பாதி அதற்குப் பிறந்தவை.

சான்றிதழும் விமான டிக்கெட்டும்

இந்தியாவில் அவசர மருத்துவம் எம்.டி. பாடமாக அங்கீகாரம் பெற்றதே 2009இல்தான். இளம் துறை என்பதால் யாருக்கும் பாதை தெளிவாகத் தெரியாது. தெரியாத இடத்தில் சான்றிதழ் சேர்ப்பது சுலபம். ஐரோப்பாவில் பேரிடர் மருத்துவத்துக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது, நல்ல படிப்புதான். ஆனால் சொந்த மருத்துவமனையில் இரவு 2 மணிக்கு ஆக்சிஜன் அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்று தெரியாதவருக்கு அது கை கொடுக்காது.

இன்னொன்று, நிலநடுக்கம் என்ற செய்தி வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கு வரையறை வகுத்தபோது, ஒரு குழு தன் சாப்பாடு, தண்ணீர், தங்குமிடம் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்தது. அழைப்பில்லாமல் தனியாகப் போய் இறங்குபவர், அங்கே ஏற்கெனவே தவிப்பவர்கள் சோறு போட வேண்டிய இன்னொரு ஆளாகத்தான் இருப்பார்.

நான்கு நிறத்தை மனப்பாடம் செய்வது

சிவப்பு (உடனே பார்க்க வேண்டியவர்), மஞ்சள் (சற்றுக் காத்திருக்கலாம்), பச்சை (லேசான காயம்), கறுப்பு (காப்பாற்ற முடியாதவர்). பலர் ஒன்றாக அடிபட்டுக் கிடக்கும்போது யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்க, 1983இல் கலிஃபோர்னியாவில் உருவான 'ஸ்டார்ட்' முறையை இன்று எல்லா வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். நடக்க முடிந்தவர் பச்சை. மூச்சு இல்லையென்றால் தலையைச் சாய்த்து மூச்சுவழியைத் திறந்து பார்ப்பது. அப்போதும் வரவில்லை என்றால் கறுப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் போனாலோ, மணிக்கட்டில் நாடி இல்லாவிட்டாலோ, சொன்னதைச் செய்யாவிட்டாலோ சிவப்பு. மீதிப் பேர் மஞ்சள். அரை நிமிடத்தில் ஒருவரைப் பார்த்து முடிக்கலாம்.

ஆனால் மின்னல் தாக்கினால் இந்த வரிசை அப்படியே தலைகீழ். சித்திரை வைகாசியில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இடிமழை திடீரென்று இறங்கும். எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் சில்வர் ஓக் மரத்தடியில் கூட்டமாக ஒதுங்குவார்கள். அங்கே மின்னல் விழுந்து ஐந்தாறு பேர் கிடந்தால், முனகிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். மூச்சில்லாமல் கிடப்பவரிடம்தான் முதலில் ஓட வேண்டும். மின்னலில் நின்ற இதயம் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கலாம். மூச்சு மையம் விழித்துக்கொள்ள அதைவிட நேரமாகும். அந்த இடைவெளியில் யாராவது மூச்சுக் கொடுத்தால் ஆள் எழுந்து உட்காரலாம். கொடுக்காவிட்டால் இதயம் மறுபடியும் நின்றுவிடும். நான்கு நிறத்தை மனப்பாடம் செய்தவர் அவருக்குக் கறுப்பு அட்டை கட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். ஏற்காட்டில் பாடம் எடுக்கப் போகிறவர் ஸ்டார்ட் முறையைச் சொல்லும் அதே மூச்சில் இந்த விதிவிலக்கையும் சொல்லாவிட்டால், அந்த வகுப்பை எடுக்காமலே இருக்கலாம் என்பது என் கட்சி.

இடிபாட்டுக்கும் இப்படித் தனிக் கணக்கு உண்டு. 2021 நவம்பரில் சேலம் கருங்கல்பட்டியில் சிலிண்டர் வெடித்து வீடுகள் இடிந்து விழுந்தன. நெருக்கமான தெருக்கள் உள்ள ஊரில் இது இனியும் வரும். கான்கிரீட் பலகைக்கு அடியில் தொடை நசுங்கி மணிக்கணக்கில் கிடந்தவர், பலகையைத் தூக்கும்வரை நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், தூக்கியதும் செத்துப்போகலாம். நசுங்கிய தசையில் தேங்கிய பொட்டாசியம் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடுகிறது. அதனால் தூக்குவதற்கு முன்பே நரம்பில் சலைன் ஓட வேண்டும், அதுவும் பொட்டாசியம் கலக்காத நார்மல் சலைன். இது டாக்டருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. பலகையைத் தூக்குபவர் தீயணைப்பு வீரர். "ஊசி போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத் தூக்கும் பழக்கம் அவருக்கு வர வேண்டும். அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதுதான் நம் வேலை.

கேஷுவாலிட்டி வாசலில்

2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பஸ், 13ஆவது வளைவில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. 50 பேருக்கு மேல் காயம். இப்படி ஒரு விபத்து என்றதும் புதியவர்கள் மோசமான காயங்கள் முதலில் வரும் என்று தயாராகிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. எழுந்து நடக்க முடிந்தவர்கள் வழியில் வந்த காரிலும் வேனிலும் ஏறி முதலில் வந்துவிடுவார்கள். நெற்றியில் தையல், மணிக்கட்டில் வீக்கம் என்று எல்லாப் படுக்கையும் நிரம்பிவிடும். பள்ளத்திலிருந்து கயிறு கட்டி மேலே ஏற்றிய ஆள் 108இல் வந்து சேரும்போது இடமிருக்காது.

நடந்து வருபவர்களை ஓ.பி. கூடத்துக்குத் திருப்பிவிட வாசலிலேயே குரல் உள்ள ஒருவர் நிற்க வேண்டும். அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸ் இதை டாக்டரைவிட நன்றாகச் செய்வார். அந்தக் கூடத்தில் ஒரு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) அரை மணிக்கு ஒருமுறை எல்லோருடைய நாடியையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் மண்ணீரல் கிழிந்தவரும் முதல் ஒரு மணி நேரம் நடப்பார். ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதுவதற்குத் தனி ஆள் வைக்க வேண்டும். கைதேர்ந்த டாக்டர் ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு பெயர், ஊர் கேட்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

விழா போல் நடக்கும் ஒத்திகை

தேதி குறித்து, பேனர் கட்டி, காலை 11 மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தபின் தொடங்கும் ஒத்திகையில் எல்லாம் சரியாகத்தான் நடக்கும். போட்டோவும் நன்றாக வரும். அதிலிருந்து கற்க ஒன்றும் இருக்காது. ஞாயிறு இரவு, டூட்டியில் இருக்கும் நான்கு பேரை மட்டும் வைத்து, ஒரே ஒரு விஷயத்தைச் சோதியுங்கள்: ரத்த வங்கிக்குப் போன் போட்டால் எத்தனை நிமிடத்தில் ஓ நெகட்டிவ் ரத்தம் கைக்கு வருகிறது? அல்லது மெயின் ஸ்விட்சை அணைத்தால் ஜெனரேட்டர் எடுக்கிறதா? 2015 சென்னை வெள்ளத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஜெனரேட்டரே தண்ணீரில் மூழ்கி, நோயாளிகளை வேறு இடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பார்க்க எந்தப் பட்டமும் தேவையில்லை.

மலைக் கிராமத்தில் ஸ்லைடு போடுவது

விழிப்புணர்வு வகுப்பு என்று ஏற்காட்டின் நாகலூர், மாரமங்கலம் பக்கம் பகல் 11 மணிக்கு லேப்டாப்புடன் போனால் கிழவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிப்பு. பழத்தை எடை போட்டுக் கூலி வாங்கி, பொழுது சாய்ந்த பிறகுதான் ஆட்கள் கிடைப்பார்கள்.

போனால் முதலில் கேளுங்கள். எந்தப் பாறையில் ஏறினால் போன் டவர் எடுக்கும்? யாரிடம் ஜீப் இருக்கிறது? தொட்டில் கட்டித் தூக்குவதில் யார் கெட்டி? "ஏனுங்க டாக்டர், தொட்டில்ல குலுங்காம கொண்டாந்துருவோமுங்க" என்று அவர்கள் சொல்லும்போது ஸ்பைன் போர்டு (முதுகெலும்பு அசையாமல் படுக்க வைக்கும் பலகை) பற்றி உபதேசிக்கத் தொடங்க வேண்டாம். கழுத்தில் அடிபட்டிருந்தால் மட்டும் தொட்டில் வேண்டாம், கதவுப் பலகையில் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னால் அந்த ஒரு வரி மனதில் நிற்கும். ரத்தம் பீறிட்டால் துணியை வைத்து இரண்டு கையாலும் விடாமல் அழுத்துவது, 108இல் பேசும்போது எந்த அடையாளத்தைச் சொல்வது, இவ்வளவு போதும். தூக்கிக்கொண்டு வருபவரைப் போலீஸ் கேஸில் இழுப்பார்கள் என்ற பயம் இன்னும் இருக்கிறது. உதவியவரைப் பாதுகாக்க 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் தனிப் பிரிவே வந்துவிட்டது என்பதை ஊர்க் கூட்டத்தில் சொல்ல வேண்டும். முதலுதவிப் பாடத்தைவிட அதுதான் அதிகம் பேரை நகர்த்துகிறது.

சம்பவம் முடிந்த மறுநாள் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, பார்த்ததை விவரிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புபவர் பேசட்டும். மற்றவருக்குத் தூக்கமும் இரண்டு நாள் மாற்று டூட்டியும் கொடுங்கள்.

கடைசியாக, அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு. 'பேரிடர் மருத்துவர்' என்று தனிப் பதவிக்காகக் காத்திருக்காதீர்கள். கேஷுவாலிட்டி வேலையோடு சேர்த்துத்தான் இதைச் செய்ய வேண்டியிருக்கும். டிரான்ஸ்ஃபரும் வரும். ஜீப்காரர் எண், எஸ்டேட் மேலாளர் எண், ஆக்சிஜன் ஏஜென்சி எண் எல்லாம் உங்கள் போனில் மட்டும் இருந்தால் உங்களோடு அவையும் மாறிப் போய்விடும். டூட்டி அறைச் சுவரில் எழுதி வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி முடிவதற்குள், ஒவ்வொரு எண்ணையும் யாராவது ஒருவர் கூப்பிட்டுச் சரிபார்க்கட்டும். அந்த வேலையை யார் பெயரில் போடுவது என்பதையும் அதே சுவரில் எழுதுங்கள், பெயராக இல்லாமல் பதவியாக.