கவுன்சில் வீட்டைக் கழிவு விலையில் வாங்குமுன் செய்யக்கூடாத தவறுகள்

இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதே வீட்டைச் சந்தை விலையைவிடக் குறைவாக வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமையை 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் கொடுத்தது. மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த இந்த 'ரைட் டு பை' திட்டத்தில் இதுவரை ஏறத்தாழ இருபது லட்சம் வீடுகள் விற்கப்பட்டுள்ளன. லண்டனில் வாழும் தமிழர்களிலும் இப்படி வீட்டுக்காரர் ஆனவர்கள் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மாமா சொன்னார், ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று அவர்களுடைய கணக்கை அப்படியே நம்பி விண்ணப்பம் போடுவதுதான் இன்று நடக்கும் முதல் தவறு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வாங்கியபோது இருந்த விதி வேறு.

கழிவு, அதாவது விலைத் தள்ளுபடி, எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். தனி வீடாக இருந்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டு வாடகைதாரருக்கு 35 சதவீதம்; அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு சதவீதம் கூடும். அடுக்குமாடி வீடு என்றால் 50 சதவீதத்தில் தொடங்கி ஆண்டுக்கு இரண்டு சதவீதம் கூடும். இரண்டுக்கும் 70 சதவீதமே எல்லை. ஊரில் பேசப்படுவது இதுவரைதான். சதவீதம் எவ்வளவு வந்தாலும், பணமாக இவ்வளவுக்கு மேல் கழிக்க முடியாது என்று ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. லண்டனில் அது 1,36,400 பவுண்ட் வரை இருந்தது. 2024 நவம்பர் 21 முதல் இங்கிலாந்து முழுவதும் பகுதிக்கு ஏற்ப 16,000 முதல் 38,000 பவுண்ட் வரை என்று குறைத்துவிட்டார்கள். லண்டனில் பார்க்கிங் அண்ட் டாகன்ஹாம், ஹேவரிங் ஆகிய இரண்டு பகுதிகள் தவிர மற்ற எல்லாவற்றிலும் 16,000 பவுண்ட்தான்.

லண்டனின் ஈஸ்ட் ஹாமில் நீங்கள் பத்து ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடி வீடு 3,50,000 பவுண்ட் பெறும் என்று வைத்துக்கொள்வோம். சதவீதப்படி 60. அதாவது 2,10,000 பவுண்ட் கழிய வேண்டும். உண்மையில் கழிவது 16,000 மட்டுமே. வீட்டின் விலை 3,34,000. பழைய உச்சவரம்பில் இதே வீடு 2,13,600 பவுண்டுக்குக் கிடைத்திருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் சொலிசிட்டருக்கும் சர்வேயருக்கும் பணம் கட்டத் தொடங்காதீர்கள். கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் அந்த வீட்டைக் கட்டவோ பழுதுபார்க்கவோ கவுன்சில் பெருந்தொகை செலவிட்டிருந்தால் இந்தக் கழிவும் குறையலாம், முற்றாக இல்லாமலும் போகலாம்.

ஸ்கொட்லாந்தில் இந்த உரிமை 2016 ஆகஸ்ட் முதல் இல்லை. வேல்ஸில் 2019 ஜனவரி 26 அன்று முடிந்தது. அங்குள்ள உறவினருக்கு இங்கிருந்து ஆலோசனை சொல்பவர்கள் இதை மறக்கிறார்கள்.

அடுத்து, மூன்று ஆண்டுக் கணக்கு. அரசு சார்ந்த வீட்டு உரிமையாளரிடம், அதாவது கவுன்சில், வீட்டுச் சங்கம் (குறைந்த வாடகைக்கு வீடு தரும் இலாப நோக்கற்ற அமைப்பு) போன்றோரிடம், மொத்தம் மூன்று ஆண்டுகள் வாடகைதாரராக இருந்திருக்க வேண்டும். இந்த ஆண்டுகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. இடையில் தனியார் வீட்டில் இருந்துவிட்டதால் பழைய ஆண்டுகள் அழிந்துவிட்டன என்று எண்ணி ஒதுங்கிக்கொள்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த ஆண்டுகளையும் சேர்த்துக் கேட்கலாம். கணவனும் மனைவியும் கூட்டு வாடகைதாரர்கள் என்றால் இருவரில் யாருக்கு அதிக ஆண்டுகளோ அதுவே கணக்கு. ஆனால் தனியார் உரிமையாளரிடம் வீட்டு உதவித்தொகையில் வாழ்ந்த காலம் சேராது. உதவித்தொகை கவுன்சிலிலிருந்து வந்ததால் அது கவுன்சில் வீடு ஆகிவிடாது. வீடற்றோருக்குத் தரப்படும் தற்காலிக வீட்டில் இருப்பவர், எத்தனை ஆண்டு இருந்தாலும், அந்த வீட்டை இந்தத் திட்டத்தில் வாங்க முடியாது. முகவரி, காலம், உரிமையாளர் யார் என்று எல்லா வீடுகளையும் ஒரு தாளில் எழுதி, பழைய வாடகை ஒப்பந்தங்களையும் தேடி எடுத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வீட்டுச் சங்கத்தின் வாடகைதாரருக்குத் தனியான குழப்பம் ஒன்று உண்டு. நீங்கள் குடியிருக்கும்போதே கவுன்சில் அந்த வீட்டைச் சங்கத்திடம் ஒப்படைத்திருந்தால், வாங்கும் உரிமை பொதுவாக உங்களோடு தொடரும். அப்படி இல்லையென்றால் 'ரைட் டு அக்வயர்' என்ற வேறு திட்டம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அதில் கழிவு 9,000 முதல் 16,000 பவுண்ட் வரை. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தவறான படிவத்தை நிரப்பி மாதங்களை வீணாக்க வேண்டாம்.

ஆளுக்குத் தகுதி இருந்தும் வீட்டுக்குத் தகுதி இல்லாமல் போகலாம். முதியோருக்கென அமைந்த வீடு, இடிக்கப்படவுள்ள கட்டடம், வேலையோடு சேர்த்துத் தரப்பட்ட வீடு ஆகியவை பொதுவாக விலக்கப்படும். காலிசெய்ய நீதிமன்ற உத்தரவு இருப்பவரும் கடன் தீராத திவாலானவரும் வாங்க முடியாது. வாடகை பாக்கி இருப்பவர் விண்ணப்பிக்கலாம், ஆனால் பாக்கியைத் தீர்க்காதவரை விற்பனையை முடிக்கக் கவுன்சில் கடமைப்பட்டதல்ல.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த வீடுதான் உங்கள் முதன்மையான இருப்பிடமாக இருக்க வேண்டும். முழு வீட்டையும் வேறு யாருக்கோ வாடகைக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு வேறிடத்தில் வாழ்ந்தபடி விண்ணப்பிப்பது, வீட்டையும் இழக்கச் செய்து நீதிமன்றத்திலும் நிறுத்தும். 2013ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றம்.

நம் குடும்பங்களில் பெற்றோர் பெயரில் வாடகை இருக்கும், பணத்தைப் பிள்ளைகள் கொடுப்பார்கள். குடும்பத்தில் மூன்று பேர் வரை சேர்ந்து வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அவர்கள் கடந்த 12 மாதங்களாக அதே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். வாழ்க்கைத்துணைக்கு இந்த நிபந்தனை இல்லை. மகன் இல்ஃபோர்டில் தனி வீட்டில் இருந்துகொண்டு, கடிதங்களை மட்டும் அம்மாவின் முகவரிக்கு வரவைத்தால் போதாது. அதைப் பொய்த் தகவலாகவே பார்ப்பார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். சீட்டு எடுத்த பணம், உறவினர் கைமாற்றாகக் கொடுத்த பணம் எல்லாவற்றுக்கும் வங்கிக் கணக்கில் தடம் இருக்க வேண்டும். உதவித்தொகையில் வாழ்பவர் பெருந்தொகை காட்டினால் கேள்வி இன்னும் கூடும்.

பணம் தருகிறோம், சில ஆண்டுகள் கழித்து வீட்டை எங்களுக்கு எழுதிக்கொடுங்கள் என்று வரும் வெளியாட்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் கழிவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்: முதல் ஆண்டில் முழுவதும், பிறகு 80, 60, 40, 20 சதவீதம். அதுவும் விற்கும்போதுள்ள விலையை வைத்துக் கணக்கிடப்படும். பிற்காலத்தில் விற்பதாக முன்கூட்டியே ஒப்பந்தம் செய்தால், கையெழுத்திட்ட நாளிலேயே விற்றதாகக் கருதி அந்தக் கழிவைக் கேட்பார்கள்.

கவுன்சில் அனுப்பும் விலை அறிவிப்பைப் பலர் விலையை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடுகிறார்கள். நீங்கள் சொந்தச் செலவில் செய்த சமையலறை, குளியலறை மேம்பாடுகள் வீட்டின் மதிப்பில் சேர்க்கப்படக்கூடாது. படிவத்தில் அவற்றைக் குறிப்பிட்டீர்களா? மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மூன்று மாதத்துக்குள் கவுன்சிலுக்கு எழுதி, அரசின் மாவட்ட மதிப்பீட்டாளர் மதிப்பை முடிவுசெய்ய வேண்டும் என்று கேட்கலாம். அடுக்குமாடி வீடு என்றால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கான பராமரிப்புக் கட்டண மதிப்பீட்டை வரி வரியாகப் படியுங்கள். கூரை, மின்தூக்கி, வெளிச்சுவர் போன்ற பெரிய வேலைகளில் உங்கள் பங்கு பல ஆயிரம் பவுண்டாக வரலாம். 16,000 பவுண்ட் கழிவுக்காக அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளலாமா என்று குடும்பமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். லண்டன் அடுக்குமாடிகள் பலவற்றுக்கு என் பதில் 'வேண்டாம்' என்பதே. வாடகைதாரராக இருக்கும்வரை அந்தக் கூரை கவுன்சிலின் பொறுப்பு.

தகுதிக் காலத்தைப் பத்து ஆண்டுகளாக உயர்த்தவும், கழிவை 5 முதல் 15 சதவீதமாகச் சுருக்கவும், புதிதாகக் கட்டிய வீடுகளை 35 ஆண்டுகளுக்கு விற்காமல் காக்கவும் போவதாக அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. இதற்குச் சட்டம் இயற்றப்பட வேண்டும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதை அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டின் மதிப்பும், ஆர்.டி.பி.1 என்ற விண்ணப்பப் படிவம் உரிமையாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாளை வைத்தே முடிவாகிறது. அதனால் அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நான்கு வாரத்தில் பதில் வர வேண்டும். இப்போதைய உரிமையாளரிடம் நீங்கள் இருந்தது மூன்று ஆண்டுக்குக் குறைவென்றால் எட்டு வாரம். வராவிட்டால் ஆர்.டி.பி.6 என்ற தாமத அறிவிப்புப் படிவத்தை அனுப்புங்கள்.