கலப்பு வைனின் லேபலை வாசிப்பது எப்படி?

பரிஸிலிருந்து விடுமுறைக்குக் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வரும் உறவினர்களின் பயணப்பெட்டிகளில் பிரான்சின் போர்டோ பகுதிச் சிவப்பு வைன் போத்தலும் வருவதுண்டு. அது பல இனத் திராட்சைகளின் வைன்களைச் சேர்த்து ஆக்கப்பட்டது என்று அறிந்தவுடன், தேனில் சீனிப்பாணி கலக்கும் வியாபாரத்தைக் கண்டு சலித்த நம்மவர்கள் இதையும் கலப்படமென்று எண்ணிவிடுகிறார்கள். அது முற்றிலும் பிழையான எண்ணம்.

போர்டோவில் மெர்லோ என்ற திராட்சை இனம் முந்திப் பழுத்து மென்மையையும் பழச்சுவையையும் தருகிறது. கபர்னே சோவிஞ்ஞோன் என்ற இனம் பிந்திப் பழுத்து, துவர்ப்பையும் நெடுங்காலம் கெடாது முதிரும் வலுவையும் தருகிறது. பூக்கும் பருவத்துக் குளிரோ அறுவடைக்கால மழையோ ஓர் இனத்தைத் தாக்கினாலும் மற்றது கைகொடுக்கும் என்பதால், ஒவ்வொன்றையும் பெரும்பாலும் தனித்தனியே புளிக்கவைத்து, சுவைத்துப் பார்த்த பின்னரே அந்த ஆண்டுக்குரிய விகிதத்தைத் தீர்மானிக்கிறார்கள். என் கணிப்பில், வைன் ஆக்குபவரின் திறமை முழுமையாக வெளிப்படும் இடம் இதுவே.

லேபலில் முதலில் ஊரின் பெயரைத் தேடுங்கள். மாளிகைப் படம், தோட்டத்தின் பெயர், அதன் கீழே ‘சாந்த் எமிலியோன்’ என்று மட்டும் இருந்து, திராட்சையின் பெயர் எங்குமே இல்லாவிட்டால் குழம்ப வேண்டியதில்லை. அங்கே மெர்லோவே பெரும்பாலும் முதன்மை பெறும். ‘போயாக்’ என்றிருந்தால் கபர்னே சோவிஞ்ஞோன் மேலோங்கும்.

ஓர் இனத்தின் பெயர் மட்டும் அச்சிடப்பட்டிருந்தாலும் அது முழுக்க அந்த இனமே என்று கொள்ளலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 85 வீதமும், அமெரிக்காவின் பொதுவிதிப்படி 75 வீதமும் இருந்தாற் போதும். லேபலிலுள்ள ஆண்டு என்பது அறுவடை ஆண்டு, போத்தலில் அடைத்த ஆண்டன்று. நுரைக்கும் வைனான ஷாம்பெயினில் ஆண்டு இல்லாவிட்டால், பல ஆண்டுகளின் வைன்கள் கலக்கப்பட்டவை என்று பொருள்.

கட்டுப்படுத்தப்பட்ட ஊர்ப்பெயர் எனப் பொருள்படும் ‘அப்பெலாசியோன் கொந்த்ரோலே’ என்ற தொடருக்குச் சட்டப் பலம் உண்டு: விளையும் நிலத்தின் எல்லை, திராட்சை இனங்கள், ஹெக்டேயருக்கான விளைச்சல் ஆகியவற்றை அது கட்டுப்படுத்துகிறது. ‘மீ ஆன் பூத்தெய் ஓ ஷாட்டோ’ என்றால் தோட்டத்திலேயே போத்தலில் அடைக்கப்பட்டது. பழைய கொடிகளைக் குறிக்கும் ‘வியேய் வீஞ்’ என்பதற்குப் பிரான்சில் வயதெல்லை வகுக்கப்படவில்லை. ஆகவே அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்பெயினின் ரியோகா பகுதியிலோ ‘ரெசெர்வா’ என்று குறிக்கப்பட்ட சிவப்பு வைன் குறைந்தது 3 ஆண்டுகள், அதில் ஓராண்டாவது பீப்பாயில், முதிர்ந்திருக்க வேண்டும்.

வைன் கெடாதிருக்கச் சேர்க்கும் சல்பைட்டு லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அதை லேபலில் குறிப்பிடுவது ஐரோப்பாவில் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சிரைப்பைத் தூண்டக்கூடும் என்பதால், அவர்கள் அந்த வரியைப் பார்த்துவிட்டே போத்தலைத் திறக்க வேண்டும்.