மலைத்தீ வந்த ராத்திரி

போடிக்கு மேலே, காப்பித் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் செத்ததைப் பார்த்த பிறகு, மாசி பிறந்தாலே எனக்குத் தூக்கம் பாதிதான்.

போன கோடையில் ஒரு ராத்திரி, கீழ்ச்சரிவில் சிவப்பாக ஒரு கோடு. "ரொம்ப தூரம்ப்பா, வராது" என்றார் பக்கத்து வீட்டு மாமா. மேட்டில் ஏறும்போதுதான் தீ வேகம் எடுக்கும். நாங்கள் இருப்பதோ மேட்டில்.

101-க்குச் சொல்லிவிட்டு, பிள்ளைகளையும் அம்மாவையும் ஜீப்பில் அனுப்பினேன். வேலியோரம் பத்தடி அகலத்துக்குச் சருகையெல்லாம் மண் தெரியச் சுரண்டினோம். எதிர்த்தீ வைக்கலாம், தீ வருவதற்குள் நடுவில் இருப்பதை நாமே எரித்துவிடலாம் என்றான் மச்சான். காற்று திரும்பினால் யார் அணைப்பது? வேண்டாமென்றேன்.

நான் கோட்டைவிட்டது கூரையை. மொச்சைக்கொட்டை அளவு கங்கு ஒன்று பறந்து வந்து ஓட்டிடுக்குச் சருகில் விழுந்து புகைந்தது. ஏணி வைத்து ஏறி, ஈரச்சாக்கால் அமுக்கினேன். உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

விடியற்காலையில் வனத்துறை ஆட்கள் பச்சைத்தழையால் அடித்தே அணைத்தார்கள். பின்சுவரில் சாய்த்திருந்த விறகை அன்றைக்கே முப்பதடி தள்ளி அடுக்கினேன். சமைக்கும்போது தினமும் அவ்வளவு தூரம் நடக்கணுமா என்று வீட்டில் திட்டு விழுகிறது.