லண்டன் ஃபிளாட்டின் லீஸை நீட்டிப்பது எப்படி?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃபிளாட் வாங்கினால் பெரும்பாலும் நம் கைக்கு வருவது லீஸ்தான், அதாவது குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டுமான உரிமை. கட்டடமும் மண்ணும் ஃப்ரீஹோல்டருக்கே சொந்தம். 99, 125 வருடம் என்று தொடங்கும் லீஸ் வருடத்துக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே வரும். 80-க்குக் கீழே இறங்கினால் நீட்டிக்கும் செலவு எகிறும். 70-ஐ நெருங்கினால் மார்ட்கேஜ் தர வங்கிகள் யோசிக்கும், விற்பதும் பெரும் பாடு. (ஸ்காட்லாந்தில் நிலச்சட்டம் வேறு. இங்கே சொல்வது எதுவும் அங்கே பொருந்தாது.)

முதலில், மிச்சம் எத்தனை வருடம்?

நீங்கள் வீடு வாங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது. லீஸ் பத்திரத்தில் இருக்கும் தொடக்கத் தேதிதான் கணக்கு. 1985-ல் தொடங்கிய 125 வருட லீஸ் 2110-ல் முடியும். 2015-ல் வாங்கியவருக்கும் அதே கெடுதான், 2030-ல் அவர் 80-ஐத் தொட்டுவிடுவார். பத்திரம் கைவசம் இல்லையென்றால் லேண்ட் ரெஜிஸ்ட்ரி இணையதளத்தில் 7 பவுண்டு கட்டி டைட்டில் ரெஜிஸ்டரை (சொத்தின் உரிமைப் பதிவை) எடுத்துப் பாருங்கள். ஃப்ரீஹோல்டர் யார் என்று தெரியாவிட்டால் அதையும் அங்கேயே தேடலாம்.

எந்த வழியில் போவது?

1993-ம் வருடச் சட்டப்படி உங்களுக்கு ஓர் உரிமை உண்டு: மிச்சமிருக்கும் வருடங்களோடு இன்னும் 90 சேரும், கிரவுண்ட் ரெண்ட் (ஃப்ரீஹோல்டருக்கு வருடாவருடம் கட்டும் நில வாடகை) பூஜ்யமாகிவிடும். முன்பு இதற்கு இரண்டு வருடமாவது உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். 2025 ஜனவரி 31 முதல் அந்த நிபந்தனை இல்லை, வாங்கிப் பதிவு செய்ததுமே கேட்கலாம்.

இன்னொரு வழி, ஃப்ரீஹோல்டரிடம் நேராகப் பேசி முடிப்பது. சீக்கிரம் முடியும், சில சமயம் மலிவாகவும் இருக்கும். ஆனால் “மறுபடி 99 வருடம் ஆக்கித் தருகிறேன்” என்பார்கள். பழைய லீஸ் காலம் முடியும்வரை கிரவுண்ட் ரெண்ட் தொடரும் என்று ஒரு வரியும் உள்ளே இருக்கலாம். எழுத்தில் வாங்கி சொலிசிட்டரிடம் (வக்கீலிடம்) காட்டாமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள். என்னைக் கேட்டால் புதிதாக வருபவர்களுக்குச் சட்ட வழிதான் நல்லது.

விலை எப்படி வருகிறது?

எல்லோரும் குழம்பும் இடம் இதுதான், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீண்ட லீஸோடு இருந்தால் 3 லட்சம் பவுண்டு பெறும் ஃபிளாட். 78 வருடமே மிச்சம் என்பதால் இப்போதைய மதிப்பு 2 லட்சத்து 80 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

78 வருடம் கழித்து ஃபிளாட் ஃப்ரீஹோல்டரிடம் திரும்ப வேண்டியது. வழக்கமான 5 சதவீத வீதத்தில் அந்த 3 லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 6,700 பவுண்டு. வருடத்துக்கு 100 பவுண்டு கிரவுண்ட் ரெண்ட் என்றால் அந்த இழப்பு ஏறக்குறைய 1,600. ஆக 8,300. லீஸ் 80 வருடத்துக்கு மேல் இருந்தால் இதோடு முடிந்தது.

80-க்குக் கீழே என்பதால் ‘மேரேஜ் வேல்யூ’ என்று ஒன்று சேரும். லீஸ் நீண்டதும் ஃபிளாட் விலை 20 ஆயிரம் ஏறுகிறது. அதில் 8,300 போக மிச்சம் 11,700. அதில் பாதி, 5,850, ஃப்ரீஹோல்டருக்கு. மொத்தம் 14,150. இதற்கு மேல் உங்கள் சொலிசிட்டர், சர்வேயர் செலவும், ஃப்ரீஹோல்டர் தரப்பின் நியாயமான சட்ட, மதிப்பீட்டுச் செலவும் உங்கள் தலையில்தான்.

2024-ல் நிறைவேறிய புதிய சட்டம் மேரேஜ் வேல்யூவை ஒழித்து 990 வருடம் தரும் என்கிறது. இதை எழுதும்போது அந்தப் பகுதி அமலுக்கு வரவில்லை. ஏற்கெனவே 80-க்குக் கீழே இறங்கிவிட்ட, விற்கும் அவசரம் இல்லாதவர் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. 81, 82-ல் இருப்பவர் காத்திருப்பது சூதாட்டம்.

நோட்டீஸ்

ஆர்.ஐ.சி.எஸ். (சர்வேயர்களின் தொழில்முறை அமைப்பு) சர்வேயரிடம் மதிப்பீடு வாங்கி, சொலிசிட்டர் மூலம் செக்‌ஷன் 42 நோட்டீஸ் (லீஸை நீட்டிக்கக் கேட்கும் சட்டப்படியான கோரிக்கை) அனுப்புங்கள். நோட்டீஸ் கொடுத்த நாளின் மதிப்புதான் கணக்கு. அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இழுத்து லீஸ் 80-க்குக் கீழே போனாலும் கவலையில்லை. ஃப்ரீஹோல்டர் 10 சதவீத முன்பணம் கேட்கலாம், கையில் வைத்திருங்கள்.

பதில் தர அவருக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். பதில் வந்து விலை படியவில்லை என்றால், இரண்டு மாதம் பேசிப் பார்த்துவிட்டு, பதில் வந்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் டிரிப்யூனலுக்கு (தீர்ப்பாயத்துக்கு) போக வேண்டும். பதிலே வராவிட்டால் கவுன்டி கோர்ட், அதற்கும் ஆறு மாதம்தான். கெடுவைத் தவறவிட்டால் நோட்டீஸ் செல்லாது. மறுபடி அனுப்ப ஒரு வருடம் ஆகும், அவர் செலவையும் கட்ட வேண்டும். தேதிகளைச் சொலிசிட்டரிடம் மட்டும் விட்டுவிடாமல் உங்கள் போனிலும் போட்டு வையுங்கள்.

விலை படிந்ததும் புதிய லீஸில் கையெழுத்து, பணம், லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவு. மார்ட்கேஜ் இருந்தால் வங்கிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நடுவில் சந்தேகம் வந்தால் ‘லீஸ்ஹோல்ட் அட்வைஸரி சர்வீஸ்’ இலவசமாக விளக்கம் தரும். அவர்கள் தளத்தில் செலவைத் தோராயமாகக் காட்டும் கால்குலேட்டரும் இருக்கிறது, சர்வேயரிடம் போகும் முன்பே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.