புகையற்ற உள்ளிடங்கள்: வன்னிக் கிராமங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடைக்கப்பட்ட பொது இடங்களில் புகைப்பதை மட்டுமன்றி, அங்கே பிறரைப் புகைக்க விடுவதையும் இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கிறது. வங்கியிலும் கந்தோரிலும் வழக்கத்துக்கு வந்துவிட்ட இந்த ஒழுங்கு, வடக்கே வன்னியை ஊடறுத்துச் செல்லும் ஏ-9 வீதியை விட்டு உள்ளே போகப் போகத் தளர்ந்துவிடுகிறது.

கிடுகு வேய்ந்த தேநீர்க்கடையையும் மீன்வாடியையும் "காற்றோட்டமான இடம்தானே" என்று ஒதுக்கிவிடுவதே முதல் தவறு. அரைச்சுவரும் தாழ்ந்த கூரையும் உள்ள கடையில் மாரிகாலத்தில் படங்கை இறக்கிவிட்டால், புகை வெளியேற வழியே இல்லை. காற்றோட்டத்தால் மட்டும் பாதுகாப்புக் கிடைக்காது என்பதை, இலங்கை 2003இல் ஏற்புறுதி செய்த, உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தின் 8ஆம் உறுப்புரைக்கான வழிகாட்டல்கள் தெளிவாகச் சொல்கின்றன. ஆகவே, இடம் அடைபட்டதா திறந்ததா என்று வாதாடிக்கொண்டிராமல், கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் கூடி, கூரைக்குக் கீழே எவரும் புகைப்பதில்லை என்று தீர்மானிப்பதே மேல்.

அறிவித்தலை ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவது அடுத்தது. சுவரில் அறிவித்தல் இருக்கும். மேசையில் சாம்பல் தட்டும், உள்தூணில் நூலில் தொங்கும் லைட்டரும் இருக்கும். வருகிறவர் லைட்டரின் சொல்லைத்தான் கேட்பார். அவற்றை அகற்றி, வாசலுக்கும் யன்னலுக்கும் எட்டத்தில் மரத்தடியில் ஒரு வாங்கு போட வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது, தடுக்கும் பொறுப்பைக் கடை நடத்தும் பெண்ணின் தலையில் மட்டும் கட்டிவிடுவது. போருக்குப் பின் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் பலர் இத்தகைய கடைகளால் வாழ்கிறார்கள். "அண்ணை, வெளியில போய்ப் பத்துங்கோ" என்று அவர் சொன்னால், அந்த அண்ணை பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற அச்சம் நியாயமானது. ஒரே தெருவிலுள்ள கடைகள் அனைத்தும் ஒரே நாளில் தொடங்கினால் அந்த அச்சம் குறையும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வழக்கோடு வராமல், முதலில் விளக்கத்தோடு வர வேண்டும். அதற்குப் பிறகும் மீறுவோர்மீது தயங்காமல் வழக்குத் தொடர வேண்டும்.

முப்பது இருக்கைகளுக்குக் குறையாத உணவகங்களுக்கு உள்ள விதிவிலக்கைக் காட்டிச் சிறுகடையில் புகைமூலை ஒதுக்குவதும், சுருட்டையும் பீடியையும் கணக்கில் எடுக்காததும் பிழையே.

பொதுநோக்கு மண்டபத்தில் நடக்கும் நிகழ்வுகளில் வெற்றிலைத் தட்டத்தோடு சுருட்டும் சிகரெட்டும் வைக்கும் வழக்கத்தை, நிகழ்வன்று போய்த் தடுத்தால் மனக்கசப்பே மிஞ்சும். மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கும்போதே, அவற்றை வைக்கக் கூடாது என்பதை நிபந்தனையாகப் பற்றுச்சீட்டில் எழுதிவிடலாம்.